ஒரே கொதியில் இரண்டு ஊசி

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பூனைக்குச் சோறூட்டிவிட்டு நாள்தோறும் இரண்டு வேளை தலைமுழுகியவள் நான் என்று தெரிந்தால், ஏதோ ஜீவகாருண்யம் என்று நினைத்துக்கொள்வார்கள். காருண்யமும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை, பயம். அந்தப் பூனை செத்தால் என் கையை ஒடித்துவிடுவதாக என் வீட்டுக்காரர் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் தவறுகிற ஆள் இல்லை அவர்.

தேனியில் அவருக்குப் பஞ்சுக் கமிஷன் மண்டி. முன்னால் மண்டி, நடுவில் முற்றம், பின்னால் வீடு, அதற்கும் பின்னால் பருத்திக்கொட்டைக் கிட்டங்கி. நான் ஆண்டிபட்டிக்காரி. தறிக்காரர் வீட்டில் பிறந்து இரண்டாந்தாரமாக அங்கே வந்து சேர்ந்தேன். மண்டிக்கு வருகிறவர்களிடம் அவர் சிரித்துச் சிரித்துப் பேசுவார். முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைத்ததும் முகம் மாறிவிடும். ரசத்தில் உப்புக் குறைந்தது என்று கொதிக்கிற ரசத்தைச் சட்டியோடு என் மேல் வீசியிருக்கிறார். பொதி கட்டுகிற கயிற்றால் அடித்திருக்கிறார். அந்தக் கயிற்றின் தடம் முதுகில் எத்தனை நாள் இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முதல்தாரம் எப்படிச் செத்தாள் என்று ஊரில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில். மதுரை டாக்டர் இன்சுலின் எழுதினார். இந்த உலகத்தில் அவர் பயந்த ஒரே பொருள் ஊசிதான். தானே குத்திக்கொள்ள முடியாது, கம்பவுண்டர் தொட்டாலும் ஆகாது. ஆகவே ஆஸ்பத்திரி நர்சம்மா எனக்குக் கத்திரிக்காயில் குத்திக் குத்திப் பழக்கிவிட்டார். காலையும் மாலையும் அந்தப் பெரிய மனிதர் கண்ணை இறுக மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு புஜத்தை நீட்டுவார். எனக்கு அந்த இரண்டு நிமிஷமும் தீபாவளி. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். ஊசி போட்டு அரைமணிக்குள் சாப்பாடு உள்ளே போய்விட வேண்டும். போகாவிட்டால் மருந்து உடம்பையே தின்ன ஆரம்பித்துவிடும். வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், அப்புறம் வலிப்பு. உடனே இனிப்பாக எதையாவது ஈறில் தேய்க்க வேண்டும், தண்ணீராக ஊற்றினால் புரையேறும் என்றார். கோபமும் ஓர் அடையாளம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்குக் கோபம் வராவிட்டால் அல்லவா டாக்டரைக் கூப்பிட வேண்டும்!

பூனை கிட்டங்கியில் எலி பிடிக்க வந்த கடுவன். சாம்பல் நிறம், அகன்ற மூஞ்சி. எலி பிடித்ததை நான் பார்த்ததில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். பாலும் நெய்ச்சோறும் அவர் கையாலேயே ஊட்டுவார். "ராசா, ராசா" என்று கொஞ்சுவார். ஒரு ஆளிடமும் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. கொழுகொழுவென்று இருந்த பூனை திடீரென்று இளைத்தது. மாட்டுத்தொட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தது. அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்ததை அவர்தான் பார்த்தார். அவருக்குத் தெரியாத எறும்பா அது!

வீட்டில் அவர் நீரைச் சோதிக்க ஒரு நீல மருந்து இருந்தது. அதில் சில சொட்டு நீரை விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை இருக்கிற அளவுக்கு நிறம் மாறும். முல்லையாற்றுக் கூழாங்கற்களைக் கழுவித் தட்டில் பரப்பி, பூனையை அதில் போகவைத்து, அடியில் தங்கியதை எடுத்து நான்தான் காய்ச்சினேன். செங்கல் நிறம் வந்தது, சர்க்கரை உச்சத்தில். அவர் பூனையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். ரசச்சட்டி பட்டு என் தோள் வெந்துபோனபோது டாக்டரிடம் போகக்கூடாது என்று கதவைப் பூட்டிய மனிதர், பூனைக்காக மறுநாளே மதுரைக்குப் போனார்.

டாக்டர் முதலில் சிரித்தாராம். இவர் மேஜையில் ஒரு குத்து விட்டாராம். பிறகு டாக்டர் சிரிக்காமல் வழி சொன்னார். சோறு கூடாது, பால் கூடாது, கறிதான் கொடுக்க வேண்டும். கறி தின்ற பிறகுதான் மருந்து, அதுவும் ஊசிமுனை அளவு.

நாங்கள் சைவம். ஈரலும் கறியும் வாசற்படி ஏறாத வீடு. ஆகவே எங்கள் மண்டி வண்டிக்காரர் வீட்டில் ஆட்டு ஈரலை அவித்து, இலையில் பொதிந்து கிட்டங்கிக் கொல்லையில் கொண்டுவந்து வைப்பார்கள். நான் அங்கே போய்ப் பூனையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, ஒரு கையால் தாடையைப் பிரித்து மறு கையால் ஊட்டுவேன். தானாகத் தின்கிற நாளும் உண்டு, நினைத்துக்கொண்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. வாயை இறுக்கிக்கொண்டு பிறாண்டும். என் முழங்கைக்குக் கீழே கோடு இல்லாத இடம் கிடையாது. தின்றது என்றால் ஊசி, தின்னாவிட்டால் ஊசி இல்லை. அது முடிந்து தலைமுழுகிவிட்டுத்தான் நான் அடுப்படிக்குள் நுழையலாம். மார்கழியிலும் அதேதான். தலை காய்வதற்குள் அடுத்த முழுக்கு வந்துவிடும்.

சண்டையில் மருந்துக்குத் தட்டுப்பாடு. போடி ரயிலின் தண்டவாளத்தையும் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ் மதுரையிலிருந்து இருமிக்கொண்டு வந்து சேர்கிற அன்றுதான் மருந்துப் புட்டி வரும். ஈர மணல் நிரப்பிய பானைக்குள் அதைப் புதைத்து வைப்போம். மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. ஆகவே ஒரே கொதியில் ஊசியைக் கொதிக்கவைத்து இரண்டு பேருக்கும் போட்டுவிடுவேன். "மொதல்ல ராசாவுக்கு. பெறகுதான் எனக்கு" என்பார். சோறும் அப்படித்தான், மருந்தும் அப்படித்தான். தன் அளவில் குறைத்துப் பூனைக்குக் கொடுத்தார். அந்த மனிதருக்குள் இப்படி ஒரு மனசு இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இல்லாதவர் கொடுக்கவில்லை என்றால் தாங்கிக்கொள்ளலாம். இருந்தும் எனக்கு இல்லை என்றால் என்ன செய்வது!

ஒருநாள் பூனை தின்பதுபோலத் தின்று, ஊசி போட்ட பிறகு எல்லாவற்றையும் கக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் விலகி, தலை ஆடி, சாய்ந்தது. நான் கருப்பட்டியைக் குழைத்து ஈறில் தேய்த்தேன். எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. சாயங்காலம் அவருக்கு விஷயம் தெரிந்தது. என் தலைமுடியைக் கையில் சுற்றித் தூணில் மோதினார்.

"ராசா செத்தா ஒன் கைய ஒடிச்சு அடுப்புல வப்பேன். எங்கய்யா மேல சத்தியம்" என்றார்.

அவருக்குச் சாமி பயம் கிடையாது. செத்துப்போன தகப்பனார் மேல்தான் பக்தி. அமாவாசை தவறாமல் சமைத்துப் படைத்து, முற்றத்துச் சுவரில் காக்கைக்கு இலை வைத்து, காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் வைக்கலாம். அது எந்த வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் கொல்லையில் ஈரல் வாசத்துக்குக் காக்கைகள் காத்துக் கிடக்கும், அதனால் ஒரு அமாவாசையும் நாங்கள் காத்திருந்ததில்லை. இலையை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் வந்துவிடும். அதை நம்பித்தான் அமாவாசையன்று மட்டும் காலை ஊசியை உச்சிக்கு ஒத்திவைத்து, சமையல் முடிகிற நேரத்தில் போட்டு, இலை வைத்து, உடனே சாப்பிட உட்காருவார். அன்றைக்குக் கொல்லையில்கூட ஈரல் கூடாது. பூனைக்கும் அன்றைக்கு மட்டும் அவரோடு சேர்த்து முன்னாலேயே ஊசி, காக்கை எடுத்த பிறகு படையல் சோறு.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு காக்கை ஈரல் இலையில் இறங்கியது. பூனை சீறியது. காக்கை அதன் காதைக் கொத்திக் கிழித்துவிட்டுப் பறந்தது. பூனையின் காதில் ரத்தத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் சிவந்துவிட்டது. ஈரல் துண்டை நடுவில் வைத்துக் கண்ணி போட்டு, மண்டி வேலையை எல்லாம் விட்டுவிட்டுக் கதவு மறைவில் உட்கார்ந்திருந்தார். ஒரு காக்கை மாட்டிக்கொண்டது. கொத்தின காக்கைதானா என்று யார் கண்டார்கள்? பிடித்து, கழுத்தைத் திருகி, சாவகாசமாக ஒவ்வொரு சிறகாகப் பிய்த்து, மிளகாய் வற்றல் காயவைக்கிற களத்தில் கட்டுவார்களே அதுபோல ஒரு மூங்கில் கழியில் கட்டி முற்றத்தில் நட்டார். ஊர்க் காக்கை எல்லாம் கூடி வந்து அலறின. பொழுது சாயும்வரை அலறிவிட்டு, சொல்லிவைத்தாற்போல ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டன.

"நாளைக்கு அமாவாச. இதப் பாத்தா ஒரு காக்கா இங்கன வருமா?" என்று கேட்டேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. "எங்கய்யா வர்ற காக்கா வேற. இது களவாணிக் காக்கா" என்றார். செத்தவர்கள் வருகிற காக்கைக்கும் திருடுகிற காக்கைக்கும் வித்தியாசம் தெரியுமாம் இவருக்கு.

மறுநாள் உச்சிக்குச் சமையல் முடிந்தது. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, அகத்திக்கீரை, வெல்லம் போட்ட அரிசிப் பாயசம். காக்கை வருமா என்று பார்த்துவிட்டு ஊசியைப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஓங்கிய கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். முதலில் பூனைக்கு, பிறகு அவருக்கு, எப்போதும்போல. அவர் ஈர வேட்டியோடு சுவரில் இலையை வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார்.

ஒன்றும் வரவில்லை. வண்டிக்காரர் ஓடிப்போய் அந்தக் கழியைப் பிடுங்கித் தெருக்கோடியில் எறிந்துவிட்டு வந்தார். அப்போதும் வரவில்லை.

"மொதலாளி, அதுக எல்லாம் வாய்க்கா மேட்டுப் பக்கம் போயிருச்சுக. எலைய அங்கன கொண்டுபோயி வச்சிட்டு வரவா?" என்றார் வண்டிக்காரர்.

"எங்கய்யா சம்பாரிச்ச எடம்டா இது. சோத்துக்கு வாய்க்காலுக்குப் போவாகளா அவுக? நீ போயி வெரட்டிக்கிட்டு வா" என்றார். காக்கையை விரட்டிக்கொண்டு வரச் சொன்ன மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டிக்காரர் வாய்க்கால் மேட்டுக்கு ஓடினார்.

முற்றத்தில் வெயில் கொதித்தது. பூனை பசியில் என் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பிறகு கத்துவதை நிறுத்தி உட்கார்ந்தது. தலை மேலும் கீழும் ஆடியது. எழுந்திருக்கப் பார்த்துப் பின்னங்கால் பரத்திக்கொண்டு விழுந்தது. நான் பயந்தது பூனைக்காக இல்லை, என் கைக்காக.

"இது மருந்து செய்யிற வேல. ஒரு வெரல் பாயசம் தடவுனா எந்திரிச்சிரும். நீங்களும் ஒரு வா சாப்பிடுங்க. வேர்த்து ஊத்துது ஒங்களுக்கு" என்றேன்.

"காக்கா எடுக்காம அதுல வெரல வச்ச, வெரல் இருக்காது."

அவர் பூனையைப் பார்த்தார். அது உடம்பை வில்லாக வளைத்து உதைத்துக்கொண்டிருந்தது. அவர் முகம் கோணியது. பூனை மேலும் பாசம், தகப்பன் மேலும் பக்தி, இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் சுவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் காக்கையைத் திட்ட ஆரம்பித்தார். நாக்குக் குழறியது. இனி நின்றால் ஆகாது என்று நான் அடுப்படிக்கு ஓடிப் பாயசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மண்டிச் சுவரில் பஞ்சு நிறுக்கிற தூக்குக்கோல் சாத்தியிருந்தது. கையளவு கனமுள்ள கருங்காலிக் கோல். அதை எடுத்து வீசினார். இடது முன்கையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது, வலி அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டி சாய்ந்து பாதிப் பாயசம் தரையில் போனது. மறுபடி ஓங்கினார். "திருடி, திருடி" என்றார். அப்புறம் "அம்மா" என்றார். கோல் கையிலிருந்து நழுவியது. மரம் சாய்வதுபோலப் பக்கவாட்டில் விழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதறினார்.

முற்றத்தில் ஒரு பக்கம் பூனை, ஒரு பக்கம் புருஷன், இரண்டும் ஒரே மாதிரி உதறிக்கொண்டிருந்தன. எனக்கு இருந்தது ஒரு கை.

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. நன்றாகவே தோன்றியது. சட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். ஊசி போட்டவள் நான், ஊர் என்னைத்தான் சொல்லும் என்று ஒரு நினைப்பு. அதைவிட, வாயில் நுரையோடு ஒரு ஆள் காலடியில் கிடந்து துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வரவில்லை. அவருக்கு வந்திருக்கும். எனக்கு வரவில்லை, என் பிறப்பு அப்படி.

முதலில் ராசாவுக்கு, பிறகுதான் அவருக்கு. அதுதான் சட்டம். அன்றைக்கு அதை மீறினேன். அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, வலது கையால் பாயசத்தை வழித்து உதட்டுக்குள் திணித்தேன். பல் பூட்டிக்கொண்டிருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறகு இன்னொன்று. எத்தனை வருஷத்து அறை அதில் இருந்தது என்று எனக்கே தெரியாது. பல் திறந்த இடுக்கில் விரலை விட்டு ஈறெல்லாம் தேய்த்தேன். விரலைக் கடித்தார். ரத்தமும் பாயசமுமாகத் தேய்த்தேன். "முழுங்குடா, முழுங்கித் தொலடா" என்று கத்தியது என் குரல்தான். கட்டின புருஷனை 'டா' போட்டது அந்த ஒருமுறைதான், நன்றாக இருந்தது.

பூனை இடது கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கிடந்தது. இரண்டு கையும் இருந்திருந்தால் ஒன்றை அதன் வாய்க்கு நீட்டியிருப்பேன். இடது கையை அசைத்துப் பார்த்தேன், கண் இருண்டுவிட்டது. அவர் தொண்டை அசைந்து விழுங்கியதும் நான் திரும்பினேன். பூனையின் உதறல் நின்றிருந்தது. கண் திறந்திருந்தது, கிழிந்த காதில் ஈ உட்கார்ந்திருந்தது. விரலில் மிச்சமிருந்ததை அதன் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என்னைப் பிறாண்டிப் புண்ணாக்கிய பூனை. அதற்கு ஏன் அழுதேன் என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பாயசம். "காக்கா எடுத்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் பூனையைப் பார்த்தார். மடியில் எடுத்து வைத்து அசைத்துப் பார்த்தார். கண் என் பக்கம் திரும்பியது.

"ராசாவுக்கு ஏன் மொதல்ல குடுக்கல?"

"குடுத்திருந்தா நீங்க இதக் கேக்க மாட்டீக."

அவர் கை தரையில் தடவிக் கோலைத் தேடியது. நான் எழுந்து நின்றேன். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. அதை வலது கையால் தாங்கித் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"பூனை செத்தா ஒடிக்கிறேன்னுதான சத்தியம் பண்ணுனீக? சாகுமுன்னாடியே ஒடிச்சிட்டீக. அதனாலதான் செத்துச்சு. இந்தா, இன்னொண்ணு இருக்கு. இதையும் ஒடிச்சிட்டு, சாயந்தரம் ஊசிக்கு யாருகிட்ட நீட்டுவீகன்னு சொல்லுங்க."

கோல் அவர் கையில் இருந்தது. வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று, "ஆத்தா, கை!" என்று அலறியபோதும் அவர் கையில்தான் இருந்தது. ஓங்கவில்லை. கீழே போடவுமில்லை. அதை ஊன்றிக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து எலும்பு வைத்தியர் வந்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். சாயங்காலம் நான் ஊசியைக் கொதிக்கவைத்தேன். அவருக்கு மட்டும்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றேன். காக்கை எடுக்காத சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஊசியைப் பிடிக்க ஒரு கை, சதையைக் கிள்ளிப் பிடிக்க ஒரு கை வேண்டும். எனக்கு இருந்தது ஊசிக்கு மட்டும். "சதைய நீங்களே பிடிச்சுக்கிடுங்க" என்றேன். பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு சரியாத்தானே எடுத்திருக்க?" என்று கேட்டார்.

நான் குத்தினேன்.